மலையில் ஓட்டப் போகும் காரை மலையிலேயே ஓட்டிப் பாருங்கள்

வாசகர் கேள்வி பதில் பகுதியில் இம்முறை சிறிய ஹேட்ச்பேக் கார் வாங்குவோர் அனுப்பிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். எல்லாமே நீலகிரி மாவட்டத்திலிருந்து வந்தவை என்பதால், விடைகளும் மலைச்சாலையை மனத்தில் வைத்தே எழுதப்பட்டுள்ளன.

கேள்வி: கோத்தகிரியில் ஆசிரியையாக இருக்கிறேன். கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார் என வீட்டில் ஐந்து பேர். 1 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்ட சிறிய கார் ஒன்றைக் கோயம்புத்தூரில் அவினாசி சாலையில் ஓட்டிப் பார்த்தோம். இலகுவாகவும் அதிகச் சத்தமின்றியும் இருந்தது. அன்றே முன்பணம் கட்டினால் சலுகை உண்டு என்கிறார்கள். அந்த ஓர் ஓட்டத்தை நம்பி வாங்கலாமா?

பதில்: வேண்டாம். சலுகை அடுத்த மாதமும் வரும். அதே காரை உங்கள் ஊர்ச் சாலையில், வீட்டார் அனைவரையும் ஏற்றிக்கொண்டு ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர், உதகை 2,240 மீட்டர். உயரம் கூடக் கூடக் காற்று மெலிந்துகொண்டே போவதால், டர்போ (காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் கருவி) இல்லாத எஞ்சின் உள்ளிழுக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைந்துவிடுகிறது. 100 மீட்டருக்கு ஏறத்தாழ 1 சதவீதம் திறன் குறையும் என்பது தோராயக் கணக்கு. மாருதியின் ஆல்டோ கே10, செலிரியோ ஆகிய கார்களில் உள்ள 998 சிசி எஞ்சினுக்கு ஏட்டில் எழுதியிருக்கும் திறன் சுமார் 67 குதிரைத்திறன் என்றால், உதகையில் அதில் 52, 53 அளவுதான் மிஞ்சும். இதில் எஞ்சினின் குற்றம் எதுவும் இல்லை. எந்த நிறுவனத்தின் டர்போ இல்லாத சிறிய எஞ்சினுக்கும் இதே கதிதான். அதோடு, இவ்வகைக் கார்களில் மிகச் சிறியவற்றின் வெற்று எடை 750 கிலோவை ஒட்டியே இருக்கும். ஐந்து பேரும் பைகளும் சேர்ந்து 300 கிலோ ஏறினால், காரின் எடை ஐந்தில் இரண்டு பங்கு கூடிவிடுகிறது. திறன் குறைந்து, சுமை கூடி, சாலையும் செங்குத்தாகும்போது அந்தக் கார் எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான் நீங்கள் அறிய வேண்டும். அவினாசி சாலை அதைக் காட்டாது.

டெமோ காரை வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லிக் கேளுங்கள். வாடிக்கையாளர் இருக்கும் இடத்துக்கு அனுப்புவது விற்பனை நிலையங்களின் வழக்கம்தான். வெளி மாவட்டப் பதிவெண் கொண்ட கார் என்றால், நீலகிரிக்குள் நுழைய 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த இணையவழி அனுமதியான இ-பாஸை அவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதையும் நினைவூட்டிவிடுங்கள். காரில் கீறல் விழுந்தால் செலவு யாருடையது என்பதை ஓட்டத் தொடங்குமுன் தெளிவாகப் பேசிக்கொள்வது நல்லது.

கோத்தகிரியிலிருந்து அரவேணு வழியாகக் குஞ்சப்பனைப் பக்கம் சற்றுத் தூரம் இறங்கி, மறுபடி ஏறி வாருங்கள். ஏறும்போது முதலில் கவனிக்க வேண்டியது முதல் கியருக்கும் இரண்டாவது கியருக்கும் உள்ள இடைவெளி. சில சிறிய கார்கள் முதல் கியரில் அலறும், இரண்டாவதற்கு மாற்றிய உடனே திணறும்; நடுவில் நிற்க இடமே இராது. கொண்டை ஊசி வளைவில் முன்னே போகும் பேருந்து வேகத்தைக் குறைத்ததும், மணிக்கு 15, 20 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்திப் பாருங்கள். கார் உடம்பு நடுங்காமல் இழுத்துக்கொண்டு போனால் நல்லது. நடுங்கினால் ஒவ்வொரு வளைவிலும் நீங்கள் முதல் கியருக்கு இறங்கி ஏற வேண்டிவரும், உங்கள் இடது காலும் கிளட்ச்சும் அதற்கான விலையைக் கொடுக்கும். மூன்று சிலிண்டர் எஞ்சின்களில் குறைந்த சுற்றில் இந்த நடுக்கம் கூடுதலாகத் தெரியும் என்பதால், பின் இருக்கையில் இருக்கும் மாமியாரிடமும் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். இதே சோதனையை ஏசியைப் போட்டும் ஒருமுறை செய்யுங்கள்.

அடுத்து, போக்குவரத்து இல்லாத நல்ல ஏற்றத்தில் ஓரமாக முழுவதும் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மீண்டும் கிளப்புங்கள். முழுச் சுமையோடு நிற்கும் காரை ஹேண்ட் பிரேக் அசையாமல் பிடிக்கிறதா, கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது, கிளம்பும்போது பின்னால் எவ்வளவு உருள்கிறது என்ற மூன்றும் இதில் தெரிந்துவிடும். ஹில் ஹோல்டு வசதி இருந்தால், பிரேக்கிலிருந்து கால் எடுத்த பின் ஏறக்குறைய இரண்டு வினாடி அது காரைப் பிடித்துக்கொள்ளும். அந்த வசதி எல்லா மாடலிலும் கிடைப்பதில்லை. நீங்கள் வாங்கும் மாடலில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்றத்தைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். எனக்கு இறக்கத்தைப் பற்றித்தான் கவலை அதிகம். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் ஒரு கார் ஏறத்தாழ 1,500 மீட்டர் கீழே வருகிறது. ஆட்களோடு 1,000 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 40 லிட்டர் குளிர்ந்த நீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அதில் ஒரு பகுதியை எஞ்சினும் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளாவிட்டால் மொத்தமும் பிரேக்கில்தான் வெப்பமாக இறங்கும். மாவட்டக் காவல்துறை மலைப்பாதைகளில் இரண்டாவது கியரில் இறங்கச் சொல்வது இதனால்தான். ஆகவே காரை இரண்டாவது கியரில் விட்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்குங்கள். எஞ்சின் தானாகவே வேகத்தைக் கட்டுப்படுத்துகிறதா, அல்லது கார் ஓடத் தொடங்கி நீங்கள் அடிக்கடி பிரேக்கை மிதிக்க வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். சில கிலோமீட்டர் இறங்கிய பிறகு பிரேக் பெடல் ஆரம்பத்தில் இருந்த அதே உயரத்தில், அதே உறுதியோடு இருக்க வேண்டும். மலையில் காற்றழுத்தம் குறைவாதலால் நம் கால் அழுத்தத்தைப் பெருக்கித் தரும் பிரேக் பூஸ்டரின் உதவியும் சற்றுக் குறையும். பெடலைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்த நேர்ந்தால் அஞ்ச வேண்டியதில்லை. பெடல் மெத்தென்று அமுங்கிக்கொண்டே போனாலோ, நிறுத்தியதும் கருகிய வாடை வந்தாலோ அந்த டெமோ காரில் ஏதோ சரியில்லை; வேறு கார் ஒன்றைக் கேளுங்கள்.

முன்கண்ணாடிக்கும் முன்கதவுக்கும் இடையே உள்ள தூண் சமவெளியில் யார் கண்ணுக்கும் படாது. கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது அதே தூண் எதிரே இறங்கிவரும் லாரியை முழுதாக மறைத்துவிடும். உங்கள் உயரத்துக்கு இருக்கையைச் சரிசெய்துகொண்டு இரு பக்கமும் வளைந்து பாருங்கள். பிறகு வீட்டு வாசலுக்குப் போய், தினமும் எப்படி நிறுத்துவீர்களோ அப்படியே பின்னோக்கி ஏற்றி நிறுத்துங்கள். நம் ஊர்களில் வீட்டுச் சரிவில் அடிப்பகுதி உரசாமல் ஏறுகிறதா என்பது ஐந்து பேரும் உள்ளே இருக்கும்போதுதான் தெரியும். பிள்ளைகளுக்கு மலைப்பாதையில் வாந்தி வரும் வழக்கம் இருந்தால், பின் கதவின் கண்ணாடி எவ்வளவு தூரம் இறங்குகிறது என்பதையும் பாருங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்றவன். குன்னூரில் வசிக்கிறேன். இடது முழங்காலில் வலி இருப்பதால் கிளட்ச் பெடல் இல்லாத கார் வாங்கச் சொல்கிறார் மகன். கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் ஏ.எம்.டி. கார் மலைக்கு ஆகாது என்கிறார்கள் நண்பர்கள். யார் சொல்வது சரி?

பதில்: ஐயா, தங்கள் முழங்காலை முன்னிட்டுப் பார்த்தால் மகன் சொல்வதே சரி. நண்பர்களின் அச்சத்துக்கும் ஆதாரம் இருக்கிறது.

2014-ல் மாருதி செலிரியோவோடு இந்தியாவில் அறிமுகமான ஏ.எம்.டி., அமைப்பில் சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச் தகடும் உண்டு. கிளட்ச்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் தங்களுக்குப் பதிலாக மோட்டாரோ ஹைட்ராலிக் அமைப்போ செய்கிறது. ஏற்றத்தில் நெரிசலில் நிற்கும்போது பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தியே காரை நிறுத்தி வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. ஏ.எம்.டி.யில் அப்படிச் செய்தால் கிளட்ச் தகடு வழுக்கிக்கொண்டே சூடேறும். நிற்கும்போது பிரேக், நெடுநேரம் நிற்க நேர்ந்தால் ஹேண்ட் பிரேக் என்று கால் பழகிவிட்டால் இந்தத் தொல்லை வராது.

ஓட்டிப் பார்க்கும்போது பெட்போர்டு பக்கம் ஏறும் சாலையைத் தேர்ந்தெடுங்கள். கியர் தானாக மாறும் டி நிலையில் வைத்து ஒரு வளைவை நெருங்கும்போது, தாங்கள் காலைத் தளர்த்தியதும் அது மேல் கியருக்குப் போய்விட்டு, வளைவின் நடுவில் மறுபடி அழுத்தும்போது கீழ் கியரைத் தேடிக்கொண்டு ஒரு கணம் இழுவையே இல்லாமல் நிற்கிறதா என்று கவனியுங்கள். அந்த ஒரு கணம்தான் பின்னால் வரும் வாகனத்துக்குத் தொல்லை. பெரும்பாலான ஏ.எம்.டி. கார்களில் கியரைக் கையால் மாற்றும் எம் நிலை உண்டு. மலையில் அதையே பயன்படுத்துங்கள். இறங்கும்போது டி நிலையில் விட்டால் கார் மேல் கியருக்கு மாறி எஞ்சின் தரும் தடுப்பு குறைந்துவிடக்கூடும் என்பதால், எம் நிலையில் இரண்டாவது கியரில் வைத்துக்கொண்டு இறங்குவது கட்டாயம் என்றே சொல்வேன். தங்களைப் பொறுத்தவரை ஹில் ஹோல்டு இல்லாத ஏ.எம்.டி. காரை வாங்க வேண்டாம்; மற்ற எந்த வசதியை விட்டாலும் இதை விடாதீர்கள்.

கேள்வி: கூடலூரில் சிறிய கடை வைத்திருக்கிறேன். உள்ளூர்க்காரர் ஒருவரின் பழைய ஹேட்ச்பேக் விலைக்கு வருகிறது. மலையிலேயே ஓடிய கார். ஓட்டிப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: மலையில் ஓடிய கார்கள் ஓடிய கிலோமீட்டரைக் காட்டிலும் கூடுதலாகத் தேய்ந்திருக்கும். கிளட்ச், பிரேக், முன் டயர்கள், சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்கள் ஆகியவற்றில் அது முதலில் தெரியும்.

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போங்கள். பேனட்டைத் தொட்டுப் பார்த்து, ஏற்கெனவே சூடாக இருந்தால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் எவ்வளவு நேரம் சுற்றிய பின் கிளம்புகிறது, கிளம்பியதும் நீலப் புகை வருகிறதா என்பது நீங்கள் நேரில் பார்த்தே ஆக வேண்டியது. பிறகு நடுவட்டம் நோக்கி ஏறுங்கள். ஏற்றத்தில் மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தும்போது எஞ்சின் சத்தம் மட்டும் உயர்ந்து வேகம் ஏறாமல் இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. அதை மாற்றும் செலவை விலையில் குறைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி இறங்கும்போது மலைக்கே உரிய ஒரு சோதனை இருக்கிறது. இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் நீண்ட தூரம் இறங்குங்கள். அப்போது எஞ்சினுக்குள் உறிஞ்சும் விசை மிகுந்து, தேய்ந்த வால்வு சீல்கள் வழியே எண்ணெய் உள்ளே இறங்கிச் சேரும். சமமான இடம் வந்ததும் ஆக்சிலரேட்டரை அழுத்தி, பின்னோக்குக் கண்ணாடியில் பாருங்கள். நீலப் புகை குபுக்கென்று வந்தால் எஞ்சின் வேலை காத்திருக்கிறது என்று பொருள். சமவெளியில் ஓட்டிப் பார்ப்பவருக்கு இந்தக் குறை எளிதில் அகப்படாது.

பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்கும், நீண்ட இறக்கத்தில் சூடேறிக் குமிழி உண்டானால் பெடல் அடிவரை போய்விடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியிருக்கிறார்களா என்று சர்வீஸ் ஏட்டில் பாருங்கள். இல்லையென்றால், வாங்கிய அன்றே அதை மாற்றாமல் காரை மலைப்பாதையில் இறக்காதீர்கள். கூடலூர் மழையைக் கேட்க வேண்டுமா? தரை விரிப்பை உயர்த்தி அடியில் ஈரமும் துருவும் இருக்கிறதா என்று கையால் தடவியே பாருங்கள். பதிவுச் சான்று, நிலுவைக் கடன், காப்பீடு ஆகியவற்றை அரசின் பரிவாகன் தளத்தில் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: உதகையில் ஏசியே தேவையில்லையே, பின் வைப்பரும் வேண்டாம் என்று விலை குறைந்த மாடலை வாங்கலாமா?

பதில்: ஏசி குளிர்ச்சிக்காக மட்டும் இருப்பதாக எண்ண வேண்டாம். மழையிலும் மூடுபனியிலும் நான்கு பேர் மூச்சுவிடும் காருக்குள் முன்கண்ணாடி நொடியில் மங்கிவிடும். ஏசி காற்றிலுள்ள ஈரத்தைப் பிரித்தெடுத்து உலர்ந்த காற்றை அனுப்புவதால்தான் கண்ணாடி விரைவில் தெளிகிறது. ஹீட்டரோடு சேர்த்துப் போட்டால் இன்னும் விரைவாகத் தெளியும். ஓட்டிப் பார்க்கும் நாளில் மழை வந்தால் அதை நல்வாய்ப்பாகக் கொண்டு, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு எவ்வளவு நேரத்தில் தெளிகிறது என்று பாருங்கள். ஹேட்ச்பேக்கின் பின்கண்ணாடி செங்குத்தாக இருப்பதால் சக்கரம் இறைக்கும் சேறு அதில்தான் படியும். ஆகவே பின் வைப்பரும், கண்ணாடி மங்கலைப் போக்கும் டிஃபாகரும் உள்ள மாடலுக்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண் இல்லை. டச் ஸ்கிரீனையும் அலாய் வீலையும் விட்டுவிடலாம். இன்னொன்று: டெமோ கார் பெரும்பாலும் உயர்ந்த மாடலாகவே இருக்கும். நீங்கள் வாங்கும் மாடலின் டயர் அளவு அதிலிருந்து வேறுபடலாம் என்பதால், அதை எழுதிக் கேளுங்கள். இயன்றால் மாலை இருட்டும் நேரத்தில் ஒருமுறை ஓட்டி விளக்கு வெளிச்சத்தையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: மஞ்சூரில் தேயிலை விவசாயம். விளம்பரத்தில் லிட்டருக்கு 24 கிலோமீட்டர் என்கிறார்கள். மலையில் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? சி.என்.ஜி. வாங்கினால் மிச்சமாகுமா?

பதில்: அந்த 24 ஆய்வகத்தில் உருளைகளின் மேல் சக்கரத்தைச் சுழலவிட்டு, வகுத்துவைத்த வேகங்களில் அளந்த எண். மஞ்சூர் ஏற்றம் அதில் இல்லை. டெமோ காரின் டேஷ்போர்டில் தெரியும் சராசரியையும் நம்ப வேண்டாம். இறங்கும் வழியில் மட்டும் பார்த்தால் அது கண்ணைக் கவரும் எண்ணாக இருக்கும். ஏறி இறங்கும் முழுச் சுற்றுக்குத் திரையைப் பூஜ்யமாக்கிவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து பாருங்கள். இரண்டு கார்களை ஒப்பிடுவதாக இருந்தால் இரண்டையும் அதே சாலையில், அதே ஆட்களோடு ஓட்டினால்தான் ஒப்பீடு செல்லும்.

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்ற நம்பிக்கையை இன்னும் பலர் கைவிடவில்லை. இன்றைய எஞ்சின்களில் கியரில் வைத்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் செல்வதே நின்றுவிடும். நியூட்ரலிலோ எஞ்சின் தொடர்ந்து ஓடுவதற்குப் பெட்ரோல் வேண்டும். செலவும் கூடி, உயிருக்கும் ஆபத்தான அந்தப் பழக்கத்தை ஓட்டுநர் யாரிடம் கண்டாலும் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

சி.என்.ஜி.யில் அதே 998 சிசி எஞ்சினின் திறன் 67-லிருந்து சுமார் 57-ஆகக் குறைகிறது. உயரத்தால் வரும் இழப்பும் அதோடு சேரும். எரிவாயு சிலிண்டர் டிக்கியில் இடத்தையும் பிடிக்கும். மூட்டைகளை ஏற்ற நினைக்கும் தங்களுக்கு அது பொருந்தாது. பெட்ரோலையே வாங்குங்கள்; விலை அனுமதித்தால் 1 லிட்டரைவிட 1.2 லிட்டர் எஞ்சின் தங்கள் ஏற்றத்துக்கு உகந்தது.

கேள்வி: புதிய காரைக் கோயம்புத்தூரில் எடுத்து நானே உதகைக்கு ஓட்டிவரலாமா? எடுக்கும்போது எதைச் சரிபார்க்க வேண்டும்?

பதில்: தாராளமாக ஓட்டி வரலாம். 17 எழுத்தும் எண்ணுமாக உள்ள சேசிஸ் எண் பில்லிலும் காரிலும் ஒன்றாக இருக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு தயாரித்த வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்திலும் பாருங்கள். பிரேக்குகள் புதியவை என்பதால் சமவெளியில் சிறிது தூரம் மிதமாகப் பிரேக் பிடித்துப் பழக்கிவிட்டு மலையேறுங்கள். உயர் கியரில் திணறவிட்டு ஏற்றுவது, குறைந்த கியரில் நிதானமாக ஏற்றுவதைவிடப் புதிய எஞ்சினுக்குக் கெடுதல். முதல் பயணத்தில் வண்டி நிறைய ஆட்களை ஏற்ற வேண்டாம். பர்லியாரில் ஒருமுறை நிறுத்தி, காருக்கு அடியிலும் பேனட்டுக்குள்ளும் எண்ணெயோ கூலன்ட்டோ கசிகிறதா என்று பாருங்கள். ஏதேனும் தென்பட்டால் மேலே ஏறாமல் அங்கிருந்தே விற்பனை நிலையத்தை அழைத்துவிடுங்கள்.